கைப்பிடிச்சுவர்: பள்ளிப் பிள்ளைகளின் முகக்கவசம் குறித்து ஒரு பாடம்



இந்த இதழின் பாடத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், தொற்றுநோய்க் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் அணியும் முகக்கவசம். "கொரோனாதான் போய்விட்டதே ஐயா, இன்னும் ஏன் அந்தப் பேச்சு?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். 2023 மே 5-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது உண்மையே. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகுதான் கண்மாய்க் கரையை உயர்த்த முடியும். வெள்ளம் வரும்போது கரையில் நின்று வாக்குவாதம் செய்தால் ஊர் முழுகிப்போகும்.

பள்ளித் தாளாளர்களும் ஆசிரியர்களும் எங்களிடம் வரும்போது ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "மறுபடியும் இப்படி ஒரு நோய் வந்தால், மாஸ்க் கட்டாயம் என்று நம் பள்ளியில் சொல்லலாமா? சொன்னால் சபையார் எங்களோடு நிற்பார்களா?" 1834-ம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷன் தொடங்கிய காலந்தொட்டு, இந்தப் பகுதியில் கல்வியும் மருத்துவமும் ஊழியத்தின் இரண்டு கைகளாக இருந்து வந்திருக்கின்றன. ஆகையால் இந்தக் கேள்வியை அரசுக்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆம், சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த விதியை ஆதரிக்கிற நாம், அதன் சுமையிலும் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். இதுவே இப்பாடத்தின் சாரம்.

1. நம் பகுதியில் நடந்தது

தமிழ்நாட்டில் கொரோனாவால் இறந்த முதல் மனிதர் மதுரைக்காரர். 2020 மார்ச் 25-ம் தேதி அரசு இராசாசி மருத்துவமனையில் அவர் மரித்தார். அந்த ஆண்டு ஜூன் கடைசியில் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள் மீண்டும் முழு ஊரடங்குக்குள் வந்தன. மதுரை மேற்கு என்றால் நம் சமயநல்லூரும் அதில் அடக்கம். அந்த நாட்களின் பயம் நமக்கு மறந்திருக்காது. நோய் ஓய்வதற்குள், அரசுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மட்டும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

முகக்கவசம் அணிகிற பழக்கம் நம் ஜனங்களுக்குப் புதிது. அரசு ரேஷன் கடைகள் வழியாக ஆளுக்கு இரண்டு துணிக் கவசங்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2020 செப்டம்பரில் 1939-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, பொது இடத்தில் முகக்கவசம் அணியாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தது. 2022-ல் அது 500 ரூபாய் ஆனது. மதுரையில் ஓர் உணவகத்தார் முகக்கவசத்தின் வடிவிலேயே பரோட்டா போட்டு, வருகிறவர்களுக்கு நினைவூட்டினார்கள். சிரிப்பும் அபராதமும் சேர்ந்துதான் நமக்குப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தன.

பள்ளிக்கூடங்களின் நிலை என்ன? 2020 மார்ச்சில் கதவுகள் மூடப்பட்டன. 2021 ஜனவரி 19-ம் தேதி 10, 12-ம் வகுப்புகளும், பிப்ரவரியில் 9, 11-ம் வகுப்புகளும் திறந்தன. இரண்டாம் அலை வந்ததால் மீண்டும் மூடப்பட்டன. 2021 செப்டம்பர் 1-ம் தேதி 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகள் முகக்கவசம் கட்டாயம் என்ற விதியோடு திறக்கப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள சிறு பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் பள்ளி வாசலைக் கண்டார்கள். ஏறக்குறைய பத்தொன்பது மாதம்! 2020 ஜூனில் முதல் வகுப்பில் சேரவேண்டிய பிள்ளை, ஒரு நாளாவது வகுப்பறையில் உட்காராமலே இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது.

அந்தப் பத்தொன்பது மாதங்களில் கைப்பேசி இருந்த வீட்டுப் பிள்ளைகள் ஓரளவு படித்தார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஆடு மேய்த்தார்கள், செங்கல் சூளைக்குப் போனார்கள். மத்தியானத்தில் பள்ளியில் கிடைத்துவந்த சுடுசோறு நின்றுபோய், உலர்பொருளாக வீட்டுக்கு வந்தது. இந்தியாவின் கிராமங்களில் ஆண்டுதோறும் பிள்ளைகளின் கல்வியை அளந்துபார்க்கும் 'அசர்' அறிக்கையின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் நூற்றுக்கு 27.3 பேராக இருந்தார்கள். 2022-ல் அது 20.5 ஆகக் குறைந்தது. இழப்பை ஈடுகட்டத்தான் தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது.

இதை மனதில் வைத்தே முகக்கவசத்தைப் பற்றிப் பேசவேண்டும். "பிள்ளைகளின் முகத்தை மூடலாமா?" என்ற கேள்விக்கு எதிரே, "பள்ளியின் கதவை மூடலாமா?" என்ற கேள்வி அன்று நின்றது. தடுப்பூசியோ 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 ஜனவரியிலும், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அவ்வாண்டு மார்ச்சிலும்தான் தொடங்கியது. அதிலும் சிறிய பிள்ளைகளுக்குக் கிடைக்கவேயில்லை. கையிலிருந்தவை காற்றோட்டம், இடைவெளி, கைகழுவுதல், ஒரு துண்டுத் துணி, அவ்வளவே.

2. வேதம் காட்டும் மாதிரி

உபாகமம் 22-ம் அதிகாரம் 8-ம் வசனத்தைத் திறந்து வாசியுங்கள். புது வீடு கட்டுகிறவன் தன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று அங்கே கட்டளை இருக்கிறது. காரணமும் சேர்த்தே சொல்லப்படுகிறது: அங்கிருந்து ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரக்கூடாது.

இந்தக் கட்டளையில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, சுவர் பிறருக்காகக் கட்டப்படுகிறது. வீட்டுக்காரனுக்குத் தன் மாடியின் ஓரம் எங்கே என்று தெரியும். வருகிற விருந்தாளிக்கும், விளையாடுகிற அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியாது. பள்ளியில் பிள்ளை அணிகிற கவசமும் அப்படியே. அது அணிகிறவரை ஓரளவு காக்கும். அணிந்தவரிடமிருந்து மற்றவரைக் காப்பதே அதன் பெரிய வேலை.

இரண்டாவது, யாரும் விழுவதற்கு முன்பே சுவர் கட்டப்படுகிறது. விழுந்த பிறகு கட்டுகிற சுவரால், விழுந்தவனுக்கு என்ன பயன்?

மூன்றாவது, கட்டளை எல்லா வீட்டுக்கும் பொது. "எங்கள் வீட்டில் யாரும் மாடிக்குப் போவதில்லை" என்று சொல்லித் தப்ப வழியில்லை. நல்ல மனது உள்ளவன் மட்டும் கட்டட்டும் என்று விட்டால், அந்தத் தெருவில் ஏதாவது ஒரு மாடியில் சுவர் இராது. பிள்ளை அங்கேதான் விழும். பள்ளிக்கு ஒரு பொது விதி தேவைப்படுவதும் இதனால்தான். முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஐந்து பேர் மட்டும் அணிந்தால் பயன் குறைவு.

இன்னொரு பகுதியையும் இதோடு சேர்த்துச் சிந்திப்போம். லேவியராகமம் 13:45, 46-ல் குஷ்டரோகி தன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றும், தீட்டு என்று கூவ வேண்டும் என்றும், பாளயத்துக்குப் புறம்பே குடியிருக்க வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது. அங்கே நோயாளி ஒருவன்மட்டும் மூடிக்கொண்டான். அந்த மூடல் அவனைப் பிரித்து வெளியே தள்ளியது. மருத்துவமனை ஊழியத்தில் இருக்கிற எங்களுக்கு இதன் வேதனை தெரியும். காசநோய்க்கு மருந்து வாங்க வருகிற வாலிபன், மாஸ்க் போட்டால் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதைச் சட்டைப்பையில் ஒளித்துவைக்கிறான். ஒருவன்மட்டும் அணிந்தால் அது அடையாளமாகிறது. எல்லாரும் அணிந்தால் யாருக்கும் அவமானமில்லை. பள்ளியில் தலைமையாசிரியர் முதல் கடைசி பெஞ்சுப் பிள்ளை வரை அணிகிறபோது, பழைய பாளயத்தின் முறை தலைகீழாகிறது. அங்கே ஒருவனை வெளியே வைக்க மூடினார்கள். இங்கே ஒருவரையும் வெளியே விடாதபடிக்கு எல்லாரும் மூடிக்கொள்கிறோம்.

3. மிஷன் சரித்திரத்திலிருந்து ஒரு பக்கம்

முகக்கவசம் 2020-ல் புதிதாகப் பிறந்ததல்ல. 1910-ம் ஆண்டின் கடைசியில் வடசீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் நோய் பரவியது. ஏறக்குறைய 60 ஆயிரம் பேர் மாண்டார்கள். அதைத் தடுக்கச் சீன அரசு அனுப்பிய மருத்துவர் ஊ லியன்தே. நம் தமிழர் பலர் குடியேறிய பினாங்கில் பிறந்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்தவர் அவர். இந்த நோய் எலியாலும் தெள்ளுப்பூச்சியாலும் மட்டுமல்ல, மனிதனின் மூச்சிலிருந்தும் பரவுகிறது என்று அவர் கண்டார். மெல்லிய காஸ் துணிக்கு நடுவே பஞ்சு வைத்து ஒரு கவசம் செய்து, மருத்துவர்களும் ஊழியர்களும் அணியவேண்டும் என்றார். வயதிலும் அனுபவத்திலும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏற்கவில்லை. கவசமில்லாமல் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களுக்குள் அதே நோயால் மரித்தார். அதன்பின்பு அங்கே கவசம் அணிய யாரும் தயங்கவில்லை.

அதே பிளேக்கில் முக்டன் நகரில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆர்தர் ஜாக்சன் என்ற இளம் மருத்துவர் இருந்தார். வயது 26. இரயில் நிலையத்தில் அடைபட்டுக் கிடந்த ஏழைக் கூலித்தொழிலாளர்களைக் கவனிக்கும் பொறுப்பை அவர் ஏற்றார். கவசம் அணிந்துதான் பணிசெய்தார். ஆனாலும் நோய் அவரைத் தொற்றியது. 1911 ஜனவரி 25-ம் தேதி அவர் மரித்தார். அவருக்காகச் சீன அதிகாரிகள் கொடுத்த நன்கொடையை அவருடைய குடும்பத்தார், அந்த நகரில் எழும்பவிருந்த மருத்துவக் கல்லூரிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த இரண்டு மரணங்களையும் நாம் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். கவசத்தை அசட்டை செய்தவரும் இறந்தார், அணிந்தவரும் இறந்தார் என்றால் கவசத்தால் என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். கைப்பிடிச்சுவர் உள்ள மாடியிலிருந்தும் சிலவேளை பிள்ளைகள் விழுவதுண்டு. அதற்காகச் சுவரை இடித்துவிடுகிறோமா? கவசம் தாயத்து அல்ல. அது ஆபத்தைக் குறைக்கும் ஒரு கருவி. மற்றக் காவல்களோடு சேர்த்து வைக்கவேண்டிய ஒன்று.

கொரோனாவில் இது எப்படி வேலை செய்கிறது? நாம் மூச்சுவிடும்போதும் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளியே வருகின்றன. உரக்கப் பேசினால், பாடினால் இன்னும் அதிகம். ஒரு வகுப்பறை முழுவதும் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்புவிக்கும்போது எவ்வளவு வரும் என்று எண்ணிப்பாருங்கள்! காய்ச்சலோ இருமலோ தெரியுமுன்பே நோய் தொற்றக்கூடும் என்பது இந்த நோயின் தந்திரம். நெற்றியில் வெப்பம் பார்த்து உள்ளே அனுப்பிய பிள்ளையும் நோயைச் சுமந்திருக்கலாம். துணி அந்தத் துளிகளில் ஒரு பங்கை வாயருகிலேயே பிடித்துவைக்கிறது. ஒற்றைத் துணியைவிட மூன்று மடிப்புத் துணி நல்லது. அதைவிட அறுவைசிகிச்சைக் கவசம் நல்லது. மூக்குக்குக் கீழே தொங்கும் கவசமோ, தாழ்ப்பாள் போடாத கதவு.

4. நம்மிடையே கேட்கப்படும் கேள்விகள்

"கர்த்தர் காப்பார் என்று விசுவாசிக்கிறவர்களுக்குக் கவசம் எதற்கு?" மத்தேயு 4:5-7-ஐ வாசியுங்கள். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்தால் தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னவன் யார், அதற்கு நம் ஆண்டவர் என்ன மறுமொழி கொடுத்தார் என்று பாருங்கள். பாதுகாப்பை வேண்டுமென்றே தள்ளிவிட்டுக் காவலைக் கேட்பது விசுவாசமாகாது. மேலும் இங்கே குதிக்கிறவர் தாம் மட்டும் விழுவதில்லை. கீழே நிற்கிற ஒருவர்மேல் விழுகிறார்.

"பிள்ளைகளுக்கு இந்த நோய் பெரிதாக ஒன்றும் செய்யாதே?" பெரும்பாலான பிள்ளைகளுக்குச் செய்யவில்லை என்பது உண்மை, அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் பிள்ளை பள்ளியிலேயே குடியிருப்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிறது. நம் கிராமங்களில் பிள்ளையைக் கூட்டிவந்து கூட்டிப்போவது பெரும்பாலும் பாட்டியும் தாத்தாவும். சர்க்கரை வியாதியும் இரத்தக்கொதிப்பும் உள்ளவர்கள் அவர்களே. பள்ளியில் சத்துணவு சமைக்கிற அம்மா இருக்கிறார். ஓய்வுபெற ஓராண்டே மீதமுள்ள ஆசிரியர் இருக்கிறார். பிள்ளையின் முகத்திலுள்ள துணி இவர்களுக்கான கைப்பிடிச்சுவர்.

"மூச்சு முட்டாதா ஐயா?" பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்த ஒரு பாட்டியம்மா இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் உள்ளிழுக்கும் பிராணவாயுவும் வெளிவிடும் கரியமிலவாயுவும் துணியின் இழைகளுக்கிடையே எளிதாகப் போய்வரக்கூடியவை. எங்கள் அறுவைசிகிச்சை அறையில் மருத்துவர்களும் செவிலியரும் மணிக்கணக்கில் அணிந்து நிற்கிறார்கள். ஆனால் சித்திரை வெயிலில் வியர்த்து நனைந்த கவசம் பிள்ளைக்குத் தொல்லைதான், நனைந்ததை மாற்றவேண்டும். ஓடி விளையாடும்போது அணியக் கூடாது. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு அவசியமில்லை என்றும், 6 முதல் 11 வயது வரை உள்ளவர்கள் பெரியவர்களின் கண்காணிப்பில் அணியலாம் என்றும், 12 வயதுக்கு மேல் பெரியவர்களைப் போலவே அணியவேண்டும் என்றும் 2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன வழிகாட்டுதல் அறிவுள்ளது.

"உண்மையாகவே பயன் உண்டா, அல்லது வெறும் பேச்சா?" இதில் நாம் கூட்டாமலும் குறைக்காமலும் பேசவேண்டும். வங்காளதேசத்தில் 2020 நவம்பர் முதல் 600 கிராமங்களில், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் கவசம் கொடுத்து ஊக்குவித்தார்கள். சரியாக அணிகிறவர்கள் நூற்றுக்கு 13 பேரிலிருந்து 42 பேராக உயர்ந்தார்கள். அறுவைசிகிச்சைக் கவசம் கொடுத்த கிராமங்களில் நோய்க்குறியோடு வந்த தொற்று நூற்றுக்கு 11 குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடையே ஏறக்குறைய 35 குறைந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் 72 பள்ளி மாவட்டங்களை 2022-ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டாயத்தை நீக்கிய இடங்களில், பதினைந்து வாரத்தில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 45 பேர் கூடுதலாக நோயுற்றார்கள். கட்டாயத்தை நீடித்த பள்ளிகளில் பழைய கட்டடங்களும் நெருக்கமான வகுப்பறைகளும் ஏழைப் பிள்ளைகளும் அதிகம் என்பதையும் அவர்கள் எழுதினார்கள். நெருக்கமாக உட்காருகிறவர்களுக்கே கவசம் அதிகம் தேவை என்பது நம் பள்ளிகளுக்கும் பொருந்தும்.

மறுபக்கமும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவில் கவசம் அணிந்த ஆறு வயதுப் பிள்ளைகளையும் அணியாத ஐந்து வயதுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, பயன் ஏதும் தெரியவில்லை. 2023-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் உறுதியான முடிவுக்கு வரவில்லை. கவசம் பயனற்றது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாதென்று அந்த நிறுவனத்தின் தலைமை ஆசிரியரே விளக்கவேண்டியிருந்தது. இவற்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொள்வது இதுவே: கவசம் நோயை நிறுத்தாது, குறைக்கும், சிறு பிள்ளைகளைவிடப் பெரிய பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் அதிகப் பயன் தரும், சரியாக அணிந்தால்தான் பயன் தரும். இவ்வளவு போதும், ஒரு விதியை ஆதரிப்பதற்கு. இதற்குமேல் வாக்குக் கொடுத்தால் ஜனங்கள் நம்மை நம்பமாட்டார்கள்.

"என் பிள்ளை, என் உரிமை, கட்டாயப்படுத்தலாமா?" கொரிந்து சபையில் விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் புசிப்பது பற்றி வாக்குவாதம் எழும்பியபோது, பவுல் உரிமையை மறுக்கவில்லை. தன் உரிமை பலவீனனுக்கு இடறலாகுமானால் அதை விட்டுக்கொடுக்கத் தான் ஆயத்தம் என்றார் (1 கொரிந்தியர் 8). வகுப்பில் இருதய நோயுள்ள ஒரு பிள்ளை இருக்கலாம். வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிற தகப்பன் இருக்கலாம். அவர்களுக்காகச் சில மாதங்கள் ஒரு துணியைப் பொறுத்துக்கொள்வது பெரிய தியாகம் அல்ல.

5. சுமையின் மறுமுனை

லூக்கா 11:46-ல் நம் ஆண்டவர் நியாயசாஸ்திரிகளைக் கடிந்துகொண்டதை நாம் அறிவோம். சுமக்க முடியாத சுமைகளை மனுஷர்மேல் ஏற்றிவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் அதைத் தொடவில்லை என்பதே அவர்கள்மேலிருந்த குற்றம். "மாஸ்க் கட்டாயம்" என்று பள்ளி வாசலில் பலகை எழுதித் தொங்கவிடுவது எளிது. அந்தப் பலகையை வாசிக்கிற தாய், தினக்கூலிக்குப் போகிறவள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு அணிய ஒன்று, துவைத்துக் காயப்போட ஒன்று என்று வைத்தாலும் ஆறு கவசம் வேண்டும். கிழியும், தொலையும், வாய்க்காலில் விழும்.

வங்காளதேச ஆய்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கவசத்தை இலவசமாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எப்படி அணிவதென்று காட்டினார்கள். சந்தையிலும் தெருவிலும் ஆள் நின்று பக்குவமாக நினைவூட்டினார்கள். ஊர்த்தலைவர்களும் பள்ளிவாசல் இமாம்களும் தாங்களே அணிந்து காட்டினார்கள். இவையெல்லாம் சேர்ந்துதான் 13-ஐ 42 ஆக்கின. ஆகையால் சபையார் செய்யக்கூடிய காரியங்களைச் சொல்லுகிறோம்:

அ) துணி கொடுங்கள். 2020-ல் நம் மாநிலத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் சிறைவாசிகளும்கூடக் கவசம் தைத்தார்கள். நம் பெண்கள் ஐக்கியச் சகோதரிகளில் தையல் தெரியாதவர்கள் எத்தனை பேர்? ஒரு பள்ளிக்குத் தேவையானதை ஒரு சபை ஒரு வாரத்தில் தைத்துவிடலாம். பிள்ளையின் முகத்துக்கு ஏற்ற அளவில் தைப்பது முக்கியம்.

ஆ) உபரிப்பெட்டி வையுங்கள். கவசமில்லாமல் வந்த பிள்ளையை வெயிலில் நிறுத்தவும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் கூடாது. வாசலில் ஒரு பெட்டியில் சுத்தமான கவசம் இருக்கட்டும். யாரும் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்கட்டும். பள்ளியைத் திறந்துவைக்கத்தானே விதி. அதே விதி ஒரு பிள்ளையை வெளியே தள்ளினால் அதன் நோக்கமே கெட்டது.

இ) முதலில் பெரியவர்கள் அணியுங்கள். ஆசிரியர், தாளாளர், ஆயர், சபை மூப்பர், வேன் ஓட்டுநர் எல்லாரும் அணிந்தால் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் தேவையில்லை. தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு "மாஸ்க்கைப் போடு" என்று அதட்டுகிறவரைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

ஈ) ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். முடிந்த வகுப்புகளை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கவசத்தைக் கழற்றத்தான் வேண்டும். அந்த நேரத்தில் வராந்தாவில் இடைவெளி விட்டு உட்காரவைக்க இரண்டு பேர் உதவிக்கு நிற்கலாமே.

உ) விலக்குத் தேவைப்படுகிற பிள்ளையைக் கவனியுங்கள். மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைக்கும், மனவளர்ச்சி குன்றியதால் கவசத்தைத் தாங்கமுடியாத பிள்ளைக்கும் மருத்துவரின் சொற்படி விலக்கு கொடுக்கவேண்டும். காதுகேளாத பிள்ளை ஆசிரியரின் உதட்டைப் பார்த்தே பாடம் படிக்கிறது. பாளையங்கோட்டையில் ஃபுளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளியைப் போன்றவற்றில் உதடு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். அங்கெல்லாம் வாய்ப்பகுதி கண்ணாடிபோல் தெரிகிற கவசங்களை ஏற்பாடு செய்யலாம்.

6. சுவர், சிறையல்ல

கைப்பிடிச்சுவருக்கு ஓர் அளவு உண்டு. இடுப்பளவு கட்டினால் அது காவல். கூரை வரை எழுப்பிக் கதவைப் பூட்டினால் அது சிறை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பைக் கற்கிறார்கள், எழுத்தின் உச்சரிப்பைக் கற்கிறார்கள், சிநேகிதரை அடையாளம் காண்கிறார்கள். முகத்தை மூடுவதில் நிஜமான இழப்பு இருக்கிறது. அதை இல்லையென்று சொல்லக் கூடாது. ஆகவே விதியை அறிவிக்கும் நாளிலேயே, எந்த நிலை வந்தால் அது தளர்த்தப்படும், எப்போது மறுபடி ஆலோசிக்கப்படும் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும். நோய் தணிந்ததும் கழற்றவேண்டும். மறுபடி எழும்பினால் மறுபடி அணியச் சங்கடப்படக் கூடாது. 2022 ஏப்ரலில் கட்டுப்பாடுகள் தளர்ந்த சில வாரங்களுக்குள்ளேயே, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் தொற்று கூடியதால் அரசு கவச விதியை மீண்டும் வலியுறுத்தவேண்டி வந்ததே!

நோய் தணிந்த பிறகும் ஒரு பழக்கத்தை நம் பள்ளிகளில் காத்துக்கொள்ளலாம். இருமலும் சளியும் உள்ளவர்கள், ஆசிரியரானாலும் மாணவரானாலும், குணமாகும்வரை தாங்களாகவே அணியட்டும். அதைப் பார்த்து யாரும் சிரிக்காமலும் விலகாமலும் இருக்கட்டும். தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போய்வருகிற குடும்பங்கள் நம் ஊர்களில் இன்னும் உண்டு. கவசம் அவமானச் சின்னமாக இல்லாத ஒரு பள்ளியில், அந்த வீட்டுப் பிள்ளையும் தலைநிமிர்ந்து உட்காரும்.

பிரியமானவர்களே, இன்று அந்த அவசரநிலை இல்லை. தாளாளரிடம் கோபமில்லாமல் பேசவும், தையல் இயந்திரங்களை எண்ணிப்பார்க்கவும், திறக்காத ஜன்னல்களைச் செப்பனிடவும் ஏற்ற காலம் இதுவே. உங்கள் சபையின் பள்ளிக்குழு அடுத்த முறை கூடும்போது, இந்தப் பாடத்தை அங்கே வாசிக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

சிந்திக்கவும் கலந்துபேசவும்:

1. உபாகமம் 22:8-ன்படி, நம் பள்ளியில் சுவரில்லாத மாடிகள் எவை? நோய் தவிர வேறு ஆபத்துகளையும் பட்டியலிடுங்கள்.

2. கொரோனா நாட்களில் நம் சபைப் பிள்ளைகளில் படிப்பை நிறுத்தியவர்கள் யார்? அவர்களில் திரும்பவும் பள்ளிக்கு வராதவர்களைத் தேடிப் போனோமா?

3. முகக்கவச விதியை எதிர்த்த பெற்றோரின் பயங்களில் நியாயமானவை எவை? அவர்களுக்கு எப்படிச் செவிகொடுக்கலாம்?

4. மறுபடி ஒரு தொற்றுநோய் வந்தால், முதல் வாரத்தில் நம் சபை செய்யவேண்டிய மூன்று காரியங்கள் எவை? அவற்றுக்குப் பொறுப்பானவர்கள் யார்?

ஜெபிக்க: தொற்றுநோயில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகளுக்காக, அந்த நாட்களில் பணியிலிருந்தபோதே மரித்த ஆசிரியர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் குடும்பங்களுக்காக, தீர்மானம் எடுக்கவேண்டிய அதிகாரிகளுக்கும் தாளாளர்களுக்கும் ஞானமும் பொறுமையும் கிடைக்கும்படியாக.

ஆண்டவர்தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காத்துக்கொள்வாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்
சமயநல்லூர்